தீப்பற்றும் பசைகளும் சீலண்டுகளும்: பட்டறையில் கையாளும் முறை

சோபாப் பட்டறையில் ஸ்பாஞ்சைப் பலகையோடு பிடிக்க வைக்கும் மஞ்சள் பசை, டயர் கடையில் டியூப் பஞ்சருக்குத் தடவும் சொல்யூஷன், லோரிப் பெட்டியில் தகடுகள் சேரும் இடத்தில் பிதுக்கும் சீலண்ட், அலமாரிப் பலகையில் ஃபார்மைக்கா ஒட்டும் கம் ஆகியவை பெயரால் வேறு வேறு. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஒரு குணத்தில் ஒன்றுபடுகின்றன. ஒட்டும் சரக்கைக் கரைத்து வைத்திருக்கும் திரவம் எளிதில் ஆவியாகும். அந்த ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் சிம்பாங் ரெங்கம் போன்ற ஊர்களில், ரப்பர், செம்பனைத் தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறைக்குப் பட்டறையும் தொழிற்பேட்டையும் பிழைப்பிடங்களாகியுள்ளன. பெரிய ஆலையில் பாதுகாப்பு அதிகாரி இருப்பார், பயிற்சி நடக்கும். நான்கு பேர் வேலை செய்யும் கடைவீட்டுப் பட்டறையில் இரண்டும் இருப்பது அரிது. இந்த அத்தியாயம் முதலில் அந்தச் சிறிய பட்டறைக்காகவே எழுதப்பட்டது.

டின்னுக்குள் இருப்பது

ரப்பரைக் கரைத்துப் பசையாக்கும் வித்தை ஏறத்தாழ இருநூறு ஆண்டு பழையது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் சார்லஸ் மக்கின்டோஷ் 1823இல், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி மழைத்துணி செய்தார். இன்றைய மஞ்சள் பசையில் இயற்கை ரப்பருக்குப் பதிலாக நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் இருக்கிறது, அடிப்படை மாறவில்லை. டின்னில் உள்ளதில் பெரும்பாலும் முக்கால் பங்கு கரைப்பான்தான். டொலுயீன், ஹெக்ஸேன், அசிட்டோன், மெத்தில் எத்தில் கீட்டோன், எத்தில் அசிட்டேட் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ கலந்திருக்கும். பசையைத் தடவிப் பத்து இருபது நிமிடம் காய விடுவது இந்தக் கரைப்பான் வெளியேறுவதற்காகவே. அதாவது, டின்னில் இருந்த முக்கால் பங்கும் பட்டறைக் காற்றில் கலந்தாக வேண்டும். வேறு போக்கிடம் அதற்கு இல்லை. பசையைப் பற்றிய எல்லா எச்சரிக்கைகளும் இந்த ஓர் உண்மையிலிருந்து கிளைப்பவை.

சீலண்டுகள் சற்று வேறுபட்டவை. பாலியூரித்தேன் வகையில் கரைப்பான் குறைவு. சைலீன் ஓரளவு இருக்கலாம். அவற்றின் முதன்மையான தீங்கு ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள். அது சிலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும்; ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சை அடைக்கும். பிட்டுமன் கலந்த கூரைச் சீலண்டுகளிலும் செயற்கை ரப்பர் சீலண்டுகளிலும் கரைப்பான் தாராளமாக உண்டு. அவற்றைப் பசையைப் போலவே நடத்த வேண்டும். ஸ்ப்ரே டின்னில் வரும் பசைக்கு இன்னொரு கூடுதல் ஆபத்து: அதைப் பீய்ச்சித் தள்ளும் வாயுவும் பல தயாரிப்புகளில் தீப்பற்றக்கூடியதே.

தரையோடு போகும் ஆவி

எரிவது பசையல்ல, அதன் ஆவி. ஒரு திரவத்தின் மேற்பரப்பில் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி சேரத் தொடங்கும் வெப்பநிலை ஒவ்வொரு கரைப்பானுக்கும் உண்டு. டொலுயீனுக்கு அது 4 டிகிரி செல்சியஸ். எத்தில் அசிட்டேட்டுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 4, அசிட்டோனுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 20, ஹெக்ஸேனுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 22. சிம்பாங் ரெங்கத்தில் விடியற்காலைக் குளிர்கூட 23 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பகலில் 32, 33. ஆகவே ஆண்டின் எந்த நாளிலும், எந்த நேரத்திலும், திறந்த பசை டின் தீப்பற்றத் தயாரான நிலையில்தான் இருக்கிறது. வெயிலில் நிறுத்திய மூடிய வேனுக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும்; மூடி சரியாக இறுகாத டின் ஒன்று அங்கே இருந்தால் வேன் முழுக்க ஆவி நிறையும். கதவைத் திறந்ததும் சிகரெட் பற்றவைப்பவர் அதற்குள் நெருப்பை நீட்டுகிறார்.

இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. அசிட்டோன் ஆவி இரண்டு மடங்கு, ஹெக்ஸேன், டொலுயீன் ஆவிகள் மூன்று மடங்கு. அவை மேலே எழுந்து கலைந்துபோவதில்லை. மேசையிலிருந்து வழிந்து, தரையோடு பரவி, சாக்கடைக்குள்ளும் லோரி பழுதுபார்க்கும் குழிக்குள்ளும் தேங்குகின்றன. நின்றுகொண்டு வேலை செய்பவரின் மூக்குக்கு மணம் குறைவாகத் தெரியும்போது கணுக்கால் மட்டத்தில் அளவு மீறியிருக்கலாம். பின்கட்டில் யாரோ அடுப்பைப் பற்றவைத்தால், முன்கட்டில் இருக்கும் டின்வரை நெருப்பு தரைவழியே ஓடிவரும். பசை இருந்த இடத்தில் தீயே இல்லை, எப்படிப் பிடித்தது என்று விபத்துக்குப் பிறகு கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

எவ்வளவு பசை ஆபத்து என்பதைக் கணக்காகவே சொல்லலாம். ஒரு லிட்டர் டொலுயீன் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 230 லிட்டர் ஆவி கிடைக்கும். காற்றில் அது 1.2 விழுக்காடு இருந்தாலே பற்றிக்கொள்ளும். அந்தக் கணக்குப்படி ஒரு லிட்டர், சுமார் 20 கன மீட்டர் காற்றைத் தீப்பற்றும் கலவையாக மாற்றப் போதுமானது. அது 10 அடி நீளமும் 9 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள ஓர் அறை. மூன்று லிட்டர் டின் ஒன்றைக் கதவு சாத்திய அறையில் ஒரு பிற்பகலுக்குள் தடவித் தீர்த்தால் என்ன சேரும் என்பதை இதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

பொறி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? மிக மிகச் சிறியது போதும். நைலான் சட்டை உரசி விரல் நுனியில் சுள்ளென்று தைக்கும் நிலைமின்சாரப் பொறி, இந்த ஆவிகளைப் பற்றவைக்கத் தேவையானதைப் போல் பல மடங்கு வலுவுள்ளது. உடம்புக்கு உறைக்காத பொறியும் பற்றவைக்கும். மலேசியக் காற்றில் ஈரம் அதிகம், இங்கே நிலைமின்சாரம் வராது என்று பலர் நம்புகிறார்கள். ஈரம் அதைக் குறைக்கும் என்பது உண்மை; ஒழிக்காது. குளிரூட்டி ஓடும் அறையில் காற்று உலர்ந்துவிடும். பாலியூரித்தேன் ஸ்பாஞ்சைக் கட்டிலிருந்து உருவும்போதும், பிளாஸ்டிக் சுருளைச் சரசரவென்று பிரிக்கும்போதும் மின்னேற்றம் உண்டாகவே செய்யும்.

உடம்பில் ஏறுவது

தீயைப் பற்றிய அச்சம் உள்ளவர்களுக்குக்கூட மூச்சைப் பற்றிய அச்சம் குறைவு. பசை ஆவி முதலில் தலைவலியும் கிறுகிறுப்பும் தரும். சிலருக்கு லேசான மிதப்பாகவும் இருக்கும். சற்று நேரத்தில் மூக்கு மணத்துக்குப் பழகி, மணமே இல்லாததுபோல் ஆகிவிடும். ஆகவே மணம் போய்விட்டது என்பது காற்று சுத்தமாகிவிட்டதற்குச் சான்றாகாது.

மலேசியாவின் 2000ஆம் ஆண்டு வேதிப்பொருள் விதிமுறைகள், எட்டு மணி நேர வேலையில் சராசரியாகக் காற்றில் இருக்கலாம் என்று டொலுயீனுக்கும் ஹெக்ஸேனுக்கும் வைத்த வரம்பு பத்து லட்சத்தில் 50 பங்கு. இவை தீப்பற்ற வேண்டுமானால் பத்து லட்சத்தில் 11,000 பங்கு அளவுக்காவது சேர வேண்டும். இரண்டுக்கும் இடையே இருநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆகவே தீப்பிடிக்கவில்லை என்பதற்காக மூச்சுக்கு நல்லது என்று ஆகாது. காற்று மூச்சுக்குத் தகுந்த அளவில் வைக்கப்பட்டால் அதில் தீயும் பிடிக்காது. பட்டறையின் காற்றோட்டம் இந்தச் சிறிய எண்ணை இலக்காகக் கொள்ள வேண்டும்.

ஹெக்ஸேன் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. அது கை கால் நரம்புகளை மெல்ல மெல்லச் சிதைக்கும். விரல் நுனிகளில் மரமரப்பு, பிறகு கால் தளர்ச்சி, பிறகு நடையே தடுமாறும். 1960களில் ஜப்பானில் வீடுகளிலும் சிறு கூடங்களிலும் செருப்பு ஒட்டிய தொழிலாளரிடம் இந்த நோய் கூட்டமாகக் கண்டறியப்பட்டது. 1969இல் வெளிவந்த ஆய்வு 93 பேரைப் பதிவு செய்தது. பென்சீன் கலந்த பசையால் இஸ்தான்புல் நகரச் செருப்புத் தொழிலாளருக்கு இரத்தப் புற்றுநோய் வந்ததை துருக்கிய மருத்துவர் முஸாஃபர் அக்சோய் 1970களில் வெளிப்படுத்தினார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தின் தோல் காலணித் தொழிலுக்கும் இந்த வரலாறு அந்நியமில்லை. அங்கும் மேல்தோலையும் அடியையும் சேர்ப்பது கரைப்பான் பசைதான். நல்ல தயாரிப்பாளர்கள் பென்சீனை விட்டுவிட்டார்கள். பெயரோ முகவரியோ இல்லாத மலிவு டின்னில் என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதை வாங்காமலிருப்பதே சரி.

கையில் ஒட்டிய பசையைத் தின்னரால் கழுவும் பழக்கம் உடனே கைவிடத்தக்கது. தின்னர் தோலின் எண்ணெய்ப்பசையை நீக்கி வெடிப்புண்டாக்கும். தோல்வழியே உடம்புக்குள்ளும் போகும். சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்பு நீரில் கழுவினால் போதும். கையுறையிலும் ஏமாற்றம் உண்டு. மெல்லிய ரப்பர் கையுறை டொலுயீனில் ஊறி உப்பிவிடும். நீல நிற நைட்ரைல் கையுறை ஹெக்ஸேனைத் தாங்கினாலும் அசிட்டோனைத் தாங்காது. எந்தக் கையுறை என்பது அந்தந்தப் பசையின் பாதுகாப்புத் தரவு ஏட்டில் எழுதியிருக்கும். துணி முகக்கவசமும் அறுவைக் கவசமும் ஆவியைத் தடுப்பதே இல்லை. கரிம ஆவிக்கான வடிகட்டிப் பெட்டி பொருத்திய கவசமே தடுக்கும். அந்தப் பெட்டியையும் காலத்தோடு மாற்ற வேண்டும்.

பசை டின்னைப் பூட்டி வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. போதைக்காகப் பசையை முகரும் பழக்கத்துக்குச் சிறுவர்கள் ஆளாகிறார்கள். முதல் முறையே இதயத் துடிப்பு தாறுமாறாகிச் சாவு நேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. தோட்டக் குடியிருப்புக்கோ தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிக்கோ பக்கத்தில் இருக்கும் பட்டறையில் மாலையில் டின்களை எண்ணிப் பூட்டுவது முதலாளியின் பொறுப்பு.

டின்னின் மேல் எழுதியிருப்பது

2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மலேசியாவில் விற்கப்படும் அபாய வேதிப்பொருளின் சிட்டை மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்தில் தீச்சுடர் இருந்தால் தீப்பற்றும். ஆச்சரியக்குறி இருந்தால் எரிச்சலூட்டும். மனித நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தாற்போன்ற படம் இருந்தால் நாளடைவில் உள்ளுறுப்புகளைக் கெடுக்கும். நடுவே ‘பஹாயா’ என்று இருந்தால் கடுமையான வகை, ‘அமாரான்’ என்று இருந்தால் சற்றுக் குறைந்த வகை. சாதாரணமாகக் கொதிக்கத் தொடங்கும் வெப்பம் 35 டிகிரிக்கு மேலிருந்து, 23 டிகிரிக்குக் கீழேயே பற்றக்கூடிய திரவம் இரண்டாம் வகையில் சேரும். மஞ்சள் பசைகள் பெரும்பாலும் இந்த வகை.

சிட்டை சுருக்கம், விரிவு பாதுகாப்புத் தரவு ஏட்டில். அது 16 பகுதிகள் கொண்டது. பட்டறைக்காரர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டாம் பகுதி அபாயங்களைச் சொல்லும், நான்கு முதலுதவியை, ஐந்து தீயணைப்பை, ஏழு கையாளுவதையும் சேமிப்பதையும், எட்டு கையுறை, கவசங்களை. இந்த ஐந்தையும் படித்து, வேலையாட்களின் மொழியில் சொல்லி, தாளைச் சுவரில் மாட்டி வைப்பது ஒரு மணி நேர வேலை. பசையை வேறு போத்தலில் ஊற்றினால் அதன் மேலும் பெயரும் எச்சரிக்கையும் எழுத வேண்டும். குடிநீர்ப் போத்தலில் தின்னர் ஊற்றி வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது.

வைக்கும் இடம்

பட்டறைக்குள் ஒரு நாள் வேலைக்கு வேண்டிய பசை மட்டும் இருக்கட்டும். மீதம் வெளியே, வெயில் படாத, காற்றாடும், பூட்டுள்ள தனி இடத்தில். இரும்பு அலமாரி நல்லது. மர அலமாரி எரிபொருளாகிவிடும். காற்று போகும் வழி கூரைக்கு அடியில் மட்டும் இருந்தால் பயனில்லை, ஏனெனில் ஆவி கீழே இருக்கிறது. தரையை ஒட்டியும் துவாரம் வேண்டும். டின்களை அடியில் ஒரு தட்டத்தில் வைத்தால் கசிந்தது பரவாது. ஸ்பாஞ்சு, அட்டைப்பெட்டி, மரத்தூள் ஆகியவை அந்த அறைக்குள் வரவே கூடாது.

ஜொகூரில் வெள்ளத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளங்களையும் 2023 மார்ச் வெள்ளத்தையும் மாநிலத்தின் நடுப்பகுதி மறக்காது. கரைப்பான்கள் பலவும் நீரைவிட இலேசானவை. நீரில் மூழ்கிய கிடங்கிலிருந்து கசிந்தால் டொலுயீன் மேற்பரப்பில் மிதந்து, நீர் போகும் இடமெல்லாம் போகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நவம்பருக்கு முன்பே இருப்பைக் குறைத்து, டின்களை உயரத் தட்டுக்கு ஏற்றுவது நல்லது.

வேலை நடக்கும்போது

பெரிய பீப்பாயிலிருந்து சிறிய டின்னுக்கு ஊற்றும் நேரமே மிக ஆபத்தானது. ஓடும் திரவம் மின்னேற்றம் பெறும். பீப்பாயையும் டின்னையும் ஒரு செப்புக் கம்பியால் இணைத்து, பீப்பாயை எர்த் செய்த பிறகே ஊற்ற வேண்டும். டின் உலோகமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியும் பிளாஸ்டிக் புனலும் மின்னேற்றத்தை வழியவிடாது. கம்பியின் கவ்வி பெயிண்ட் மீது பிடித்தால் தொடர்பு கிடைக்காது. சுரண்டிய வெற்று உலோகத்தில் பிடிக்க வேண்டும். ஊற்றும் குழாயின் நுனி டின்னின் அடியைத் தொட்டபடி, மெதுவாக ஊற்ற வேண்டும். உயரத்திலிருந்து ஊற்றித் தெறிக்க விடக் கூடாது.

மழைக்காலத்தில் பசை காய நேரமாகும். கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் வெண்ணிறமாகப் படியும். அப்படிப்பட்ட இடத்தில் ஒட்டு பிடிக்காது. ஆர்டரை மாலைக்குள் முடிக்க வேண்டிய அவசரத்தில் தலைமுடி உலர்த்தியையோ சூடேற்றும் துப்பாக்கியையோ எடுத்துப் பசைமேல் காட்டுகிறார்கள். உலர்த்திக்குள் இருக்கும் கம்பிச்சுருள் செஞ்சூடாக இருக்கும். அதன் வாய் ஆவி மிகுந்த இடத்துக்கு ஓர் அடி தூரத்தில். ஹெக்ஸேன் ஆவி பொறியே இல்லாமல் சூட்டால் மட்டும் பற்றிக்கொள்ள 225 டிகிரி போதும். இந்தப் பழக்கம் ஒவ்வொரு முறையும் விபத்தில் முடிவதில்லை. அதனால்தான் அது நீடிக்கிறது. சாளரங்களைத் திறந்து, சுத்தமான காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி செய்து, காய்வதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுப்பதைத் தவிர வேறு பாதுகாப்பான வழி கிடையாது. காற்றை உறிஞ்சி வெளியேற்ற விசிறி வைத்தால், அது தீப்பொறி எழுப்பாத வகை மோட்டார் கொண்டதாக இருக்க வேண்டும். சாதாரண எக்ஸாஸ்ட் விசிறி, ஆவி நிறைந்த காற்றைத் தன் மோட்டார் வழியாகவே இழுக்கும்.

நெருப்பின் ஊற்றுகள் பட்டறையில் பல. வெல்டிங், கிரைண்டர் பொறிகள் 35 அடி வரை தெறிக்கும். அவ்வளவு தூரத்துக்குள் பசை இருக்கக் கூடாது. சிகரெட், வேப், கொசுவர்த்தி, சார்ஜில் போட்ட கைப்பேசி, பழைய மின்சுவிட்ச், உள்ளே ஓட்டிவந்து நிறுத்தும் மோட்டார்சைக்கிள் ஆகியவை எல்லாம் இதே பட்டியலில் வரும்.

சாமி மேடையும் அந்தப் பட்டியலில் உண்டு. தமிழர் நடத்தும் பட்டறையில் காலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றி, ஊதுபத்தி கொளுத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டித்தான் வேலை தொடங்கும். சீனர் பட்டறையில் தரைமட்டத்திலேயே ஒரு சிறு மேடையில் ஊதுபத்தி எரியும். தரைமட்டம் என்பது ஆவி தேங்கும் மட்டம். ஆயுத பூஜையன்று கருவிகளையும் டின்களையும் ஒன்றாக அடுக்கிக் கற்பூரம் காட்டுவது மிகவும் ஆபத்தானது. பக்திக்கும் பாதுகாப்புக்கும் பகையில்லை. மேடையைப் பட்டறைக்கு வெளியே, முன்வாசலுக்கு மாற்றலாம்; அல்லது உயரத்தில் மின்விளக்கு வைத்து, பூஜையை டின்கள் திறக்கப்படுவதற்கு முன்பே முடித்து, தணலை முழுவதும் அணைத்துவிடலாம். பூஜைக்கு அடுக்கும் கருவிகளோடு காலி டின்னைக்கூட வைக்கக் கூடாது.

முடிந்த இடங்களில் நீரில் கலந்த பசைக்கு மாறுவது எல்லாவற்றிலும் சிறந்த பாதுகாப்பு. நியோப்ரீன் பசையே நீர்க்கலவையாகவும் கிடைக்கிறது. ஸ்பாஞ்சுக்கும் துணிக்கும் நன்றாகப் பிடிக்கும். காய நேரம் எடுக்கும், விலையும் கூடுதலாக இருக்கலாம். கண்ணாடி, உலோகம் போன்ற நீர் உறிஞ்சாத இரண்டு பரப்புகளை ஒட்டுவதற்கு அது ஒத்துவராது. மற்ற வேலைகளுக்கு அதை ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் பழைய டின்னையே வாங்கிக்கொண்டிருப்பதற்கு நியாயம் இல்லை.

கொட்டினால், பற்றினால்

பசை கொட்டினால் முதல் வேலை, எரியும் எதையும் அணைத்து ஆட்களை வெளியேற்றுவது. மின்சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி வரும். மின்சாரத்தை நிறுத்த வேண்டுமானால் கட்டடத்துக்கு வெளியே இருக்கும் முதன்மை இணைப்பில் நிறுத்தலாம். கொட்டியதன் மேல் உலர்ந்த மணலைப் போட்டு, உறிஞ்சிய பிறகு பொறி எழுப்பாத மண்வாரியால் மூடியுள்ள உலோகத் தொட்டியில் அள்ள வேண்டும். மரப் பட்டறையில் மரத்தூள் கையெட்டும் தூரத்திலேயே கிடக்கும். அதை அள்ளிப் போடத் தோன்றும். மரத்தூளும் கரைப்பானும் சேர்ந்தால் அது நல்ல எரிபொருள். மணல் வாளி ஒன்றை எப்போதும் நிரப்பி வைத்திருப்பதே வழி.

தீ சிறிதாக, ஒரு டின் அளவுக்குள் இருந்தால் உலர்தூள் அணைப்பானோ நுரை அணைப்பானோ உதவும். அசிட்டோன் போன்று நீரில் கலக்கும் கரைப்பானுக்கு, ஆல்கஹால் தாங்கும் வகை நுரை தேவை. தண்ணீரைப் பீய்ச்சினால் எரியும் பசை சிதறி மிதந்து பரவும். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, தீயின் அடிப்பகுதியை நோக்கி அடிக்க வேண்டும். ஓர் அணைப்பான் தீர்ந்தும் அணையவில்லை என்றால் இரண்டாவதைத் தேடக் கூடாது. வெளியேறி, 999க்கு அழைத்து, உள்ளே என்ன பசை, எத்தனை டின் என்பதைப் பொம்பா எனப்படும் தீயணைப்புத் துறை வீரர்களிடம் சொல்ல வேண்டும். நியோப்ரீன் எரியும் கரும்புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். சோபா ஸ்பாஞ்சு எரியும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும். இரண்டு மூன்று மூச்சு போதும், ஆள் விழுந்துவிடுவார்.

இதனாலேயே பட்டறை மாடியில் தொழிலாளரைத் தங்கவைப்பது ஏற்கத்தக்கதல்ல. தில்லி அனாஜ் மண்டியில் 2019 டிசம்பர் 8 விடியற்காலையில், பைகள் தைக்கும் பட்டறைக் கட்டடத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 43 பேர் தீயிலும் புகையிலும் இறந்தார்கள். சாளரங்களில் கம்பிகள் இருந்தன. மலேசியக் கடைவீடுகளில் திருட்டுக்குப் பயந்து முன்னும் பின்னும் இரும்புக் கிரில் போட்டுப் பூட்டுகிறார்கள். பூட்டின் சாவி பெரும்பாலும் முதலாளி வீட்டில். உள்ளே ஆள் இருக்கும்வரை இரண்டு வழிகள் பூட்டில்லாமல் இருக்க வேண்டும்.

ஆவியால் மயங்கியவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவர வேண்டும். அடைத்த தொட்டிக்குள் விழுந்தவரைத் தூக்கத் தனியாக இறங்கினால் இறங்குபவரும் விழுவார். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். பசையை விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியின்போது கரைப்பான் ஒரு சொட்டு நுரையீரலுக்குள் போனாலும் கடுமையான அழற்சி வரும். டின்னையோ சிட்டையின் படத்தையோ எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சிம்பாங் ரெங்கம் வட்டாரத்துக்குக் குளுவாங்கில் உள்ள எஞ்சே பெசார் ஹாஜா கால்சோம் மருத்துவமனை இருக்கிறது. எந்தப் பசைக்கு என்ன சிகிச்சை என்று மருத்துவர் கேட்டறிய, பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இயங்குகிறது.

மிச்சமும் காலி டின்னும்

பசை துடைத்த துணி, உறைந்த மிச்சம், தூரிகை கழுவிய தின்னர் எதுவும் சாதாரணக் குப்பையல்ல. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிமுறைகள் கரைப்பான் கலந்த பசைக் கழிவை எஸ்டபிள்யூ 303 என்னும் குறியீட்டிலும், அசுத்தமான கொள்கலனை 409இலும், துணிகளை 410இலும் பட்டியலிடுகின்றன. இவற்றை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது. உரிமம் பெற்றவரிடம் மட்டுமே ஒப்படைக்கலாம்.

சாக்கடையில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஜொகூரில் எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக்கழிவின் ஆவியால் ஆயிரக்கணக்கானோர் மருத்துவம் நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அதே ஆண்டு, குப்பைக் கிடங்கின் கசிவுநீரால் சுங்கை பெனுட் ஆற்றில் அம்மோனியா ஏறி, சிம்பாங் ரெங்கம் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நிறுத்தப்பட்டது. குழாய்த் தண்ணீர் இல்லாமல் வட்டாரத்து மக்கள் தவித்தார்கள். அது பசைக் கழிவல்ல. ஆனால் இந்த ஊரின் சாக்கடையும் ஆறும் குழாயும் ஒரே நீரோட்டத்தில் இருக்கின்றன.

காலி டின்னும் காலி பீப்பாயும் நிறைந்தவற்றைவிடக் கொடியவை. நிறைந்த பீப்பாயில் ஆவிக்கு இடமில்லை; காலியானதில் சுவரில் ஒட்டிய மிச்சம் ஆவியாகி, காற்றோடு சரியான கலவையாக நிற்கும். குப்பை எரிக்கவும், தண்ணீர் பிடிக்கவும், இறைச்சி வாட்டும் அடுப்பு செய்யவும் 200 லிட்டர் பீப்பாயைக் கிரைண்டரால் அறுக்கும் வழக்கம் தோட்டங்களிலும் தாமான்களிலும் உண்டு. முதல் பொறியில் மூடி பறந்து அறுப்பவரின் முகத்தில் அடிக்கும். தண்ணீர் விட்டு அலசினாலும் ரப்பர்ப் படலத்துக்குள் ஊறிய கரைப்பான் போகாது. பசை இருந்த பீப்பாயை அறுக்கவோ வெல்டிங் செய்யவோ யாருக்கும் விற்கவோ கூடாது.

சட்டம் சொல்வது

1991 மே 7 அன்று சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தனர். அதன்பின் மூன்றாண்டில், 1994இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அதை அநேகமாக எல்லா வேலையிடங்களுக்கும் விரித்தது. கடமையில் தவறும் முதலாளிக்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ ஈராண்டுவரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும்.

தொழிலாளிக்கு அந்தத் திருத்தம் தந்தது 26ஏ பிரிவு. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காக அவருக்குத் தீங்கு செய்யக் கூடாது. திறந்த பசை டின்னுக்குப் பக்கத்தில் வெல்டிங் நடக்கும்போது வெளியே வருபவர் வேலையைத் தட்டிக் கழிக்கவில்லை, சட்டப்படி நடக்கிறார். முறையிட வேண்டிய இடம் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. ஜொகூரிலும் அதற்கு மாநில அலுவலகம் உள்ளது.